மரபணு, மரபுவழி, ஆய்வு முறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரபணு, டிஎன்ஏ, குரோமோசோம்: மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. டிஎன்ஏ என்பது பொருள். அந்தப் பொருளைச் சுருட்டிக் கட்டி வைத்திருக்கும் கட்டு குரோமோசோம். அந்த நெடிய இழையில் ஏதோ ஒரு வேலைக்கான குறிப்பு எழுதப்பட்டிருக்கும் பகுதி மரபணு.

டிஎன்ஏ நான்கே எழுத்துகளால் ஆனது: அடினின், தைமின், குவானின், சைட்டோசின், சுருக்கமாக ஏ, டி, ஜி, சி. இரட்டை இழையில் ஏ-க்கு எதிரே எப்போதும் டி, ஜி-க்கு எதிரே எப்போதும் சி. ஓர் இழை கையில் இருந்தால் மற்றதை எழுதிவிடலாம். நகலெடுப்பும், பின்னால் பார்க்கப்போகும் பிசிஆர், வரிசை வாசிப்பு, கிரிஸ்பர் என்ற ஆய்வு முறைகளும் எல்லாமே இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கின்றன.

மனித உயிரணு ஒன்றில் 46 குரோமோசோம்கள். தாய் வழி 23, தந்தை வழி 23. ஒரு தொகுதியில் சுமார் 310 கோடி எழுத்துகள். ஓர் உயிரணுவின் டிஎன்ஏ முழுவதையும் நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது அடங்கிக் கிடக்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

புரதம் செய்வதற்கான மரபணுக்கள் நம்மிடம் சுமார் 20,000. அவற்றில் நேரடியாகப் புரதமாக மாறும் எழுத்துகள் மொத்தத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. மீதியைக் 'குப்பை' என்று ஒதுக்குவதும் தவறு, எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு மறைபொருள் உண்டு என்பதும் மிகை. எந்த மரபணு எங்கே, எப்போது இயங்க வேண்டும் என்று சொல்லும் விசைகள் அந்த மீதியில்தான் இருக்கின்றன.

மெண்டலின் பட்டாணி எல்லாப் பாடப்புத்தகத்திலும் வருகிறது. அங்கே 'சுருக்க மரபணு' என்பது உண்மையில் என்ன?

சுருக்கத்துக்கு என்று ஒரு மரபணு கிடையாது. மரபணுவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டும் கிடையாது.

கிரெகோர் மெண்டல் 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளைக் கலந்து வளர்த்தார். 1866-இல் முடிவுகளை வெளியிட்டார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தால் முதல் தலைமுறை முழுக்க உருண்டை. அவற்றைத் தம்முள் மகரந்தச் சேர்க்கை செய்ய விட்டால் அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. காணாமல் போன பண்பு அழியாமல் ஒளிந்திருந்தது.

ஒளிந்திருந்தது எது என்பது 1990-இல்தான் தெரிந்தது. மாவுச்சத்தைக் கிளை கிளையாகக் கட்டும் ஒரு நொதிக்கான மரபணுவின் நடுவே சுமார் 800 எழுத்து நீளமுள்ள வேற்றுத் துண்டு ஒன்று வந்து செருகிக்கொண்டிருக்கிறது. மரபணு முறிந்துவிட்டதால் அந்த நொதி உருவாவதில்லை. மாவுச்சத்து குறைகிறது, சர்க்கரை தேங்குகிறது. சர்க்கரை மிகுந்த விதை வளரும்போது தண்ணீரை இழுத்து உப்புகிறது. காயும்போது தண்ணீர் வெளியேற, பெருத்த தோல் மட்டும் மடிந்து சுருங்குகிறது. ஆக மரபணுவில் எழுதியிருந்தது சுருக்கம் அல்ல, ஒரு நொதி. சுருக்கம் அந்த நொதி இல்லாததன் விளைவு, அதுவும் பல படிகளுக்கு அப்பால்.

செய்திகளில் 'கோபத்துக்கான மரபணு', 'தொப்பைக்கான மரபணு' என்று படிக்கும்போதெல்லாம் இந்தப் பட்டாணியை நினைத்துக்கொள்வது நல்லது.

ஓங்கு, ஒடுங்கு என்றால் பலமானது, பலவீனமானது என்று பொருளா?

இல்லை. ஒரு மரபணுவின் வெவ்வேறு வடிவங்களை அல்லீல் என்பார்கள். பட்டாணியில் ஒரு நல்ல பிரதி, ஒரு முறிந்த பிரதி இருந்தால், நல்ல பிரதி செய்யும் நொதியே விதையை உருண்டையாக வைக்கப் போதும். அதனால் முறிந்தது வெளியே தெரிவதில்லை. இரண்டும் முறிந்தால்தான் தெரியும். ஒடுங்கு என்பதன் பொருள் அவ்வளவே. ஓங்கு அல்லீல்தான் மக்களிடையே பரவலாக இருக்கும் என்பதும் தவறு. மூளையின் நரம்பணுக்கள் சிதையும் ஹண்டிங்டன் நோய் ஓங்கு வகை, ஆனால் அரிது.

ஒரே அல்லீல் ஓர் அளவுகோலில் ஒடுங்கு, இன்னோர் அளவுகோலில் அப்படி இல்லை என்பதும் உண்டு. அரிவாள் உயிரணு நோயில், ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைச் செய்யும் பீட்டா குளோபின் மரபணுவின் ஓர் எழுத்து மாறுகிறது: ஜிஏஜி என்பது ஜிடிஜி ஆகிறது. புரதத்தின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வாலின் வந்து உட்காருகிறது. இரண்டு பிரதியும் இப்படி இருந்தால் நோய். ஒன்று மட்டும் இருந்தால் பொதுவாக நோய் இல்லை, கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கிறது. இரத்தத்தைச் சோதித்தாலோ இரண்டு வகை ஹீமோகுளோபினும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.

ஒரே பெற்றோர், ஆனால் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள்?

முட்டையும் விந்தணுவும் உருவாகும்போது ஒவ்வொரு இணையிலிருந்தும் ஒரு குரோமோசோம்தான் போகிறது. 23 இணைகளில் எது போகும் என்பதை மட்டும் கணக்கிட்டாலே ஏறக்குறைய 84 லட்சம் சேர்க்கைகள். அதற்கு முன்பே இணை குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. ஆகவே நீங்கள் உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கும் குரோமோசோம் உங்கள் அப்பாவுடையதும் அல்ல, அம்மாவுடையதும் அல்ல, இருவருடையதையும் வெட்டி ஒட்டியது. உடன்பிறந்தோர் பகிர்வது சராசரியாக 50 சதவீதம். சராசரிதான், சில ஜோடிகளில் 40-க்கு அருகிலும், சில ஜோடிகளில் 60-க்கு அருகிலும் போகும்.

இதோடு ஒவ்வொரு குழந்தையிலும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத புது மாற்றங்கள் சுமார் 60 முதல் 70 வரை இருக்கும். பெரும்பாலானவை தந்தை வழி வருபவை. தந்தையின் வயது கூடக் கூட எண்ணிக்கையும் கூடும். பெரும்பகுதி எந்தத் தீங்கும் செய்வதில்லை.

'நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை' என்பது சொல்லுக்குச் சொல் பொருந்தும் இடம் ஒன்று உண்டு: உயிரணுவுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ. 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள், தாயிடமிருந்து மட்டுமே வருகின்றன.

பெற்றோர் ஏ, பி; குழந்தை ஓ. இது சாத்தியமா?

தாராளமாக. இரத்த வகையைத் தீர்மானிப்பது ஒரு நொதி. சிவப்பணுவின் மேற்பரப்பில் எந்தச் சர்க்கரையை ஒட்டுவது என்பது அதன் வேலை. ஏ நொதிக்கும் பி நொதிக்கும் நான்கு அமினோ அமிலங்களே வித்தியாசம். பரவலான ஓ அல்லீலில் ஒரு ஜி எழுத்து விடுபட்டுப் போயிருக்கிறது. எழுத்துகள் மூன்று மூன்றாக வாசிக்கப்படுவதால், ஒன்று விடுபட்டதும் பின்னால் உள்ள எல்லாச் சொற்களும் குழம்பி, நொதி உருப்படாமல் போகிறது. ஏ வகைத் தாயிடமும் பி வகைத் தந்தையிடமும் மறைவாக ஒவ்வொரு ஓ இருந்தால் ஏ, பி, ஏபி, ஓ நான்கும் அந்தக் குடும்பத்தில் பிறக்கலாம்.

ஏபி பெற்றோருக்கு ஓ குழந்தை பிறப்பது வழக்கமல்ல. ஆனால் அதை மட்டும் வைத்துப் பெற்றோர் உறவைச் சந்தேகிக்கக் கூடாது. பாம்பே இரத்த வகை உள்ளவர்களிடம் ஏ, பி சர்க்கரைகளை ஒட்டுவதற்கான அடித்தளமே இருக்காது. ஏ அல்லது பி மரபணு இருந்தும் சாதாரணச் சோதனையில் ஓ என்றே வரும். 1952-இல் வெளியான செய்தி இது. இன்றும் பலருக்கு வியப்பாக இருக்கிறது.

நெருங்கிய உறவில் மணந்தால் குழந்தைக்கு நோய் வருமா?

நிச்சயம் வரும் என்பதும் பொய், ஆபத்தே இல்லை என்பதும் பொய். கணக்கைப் பாருங்கள். தாத்தாவிடம் முறிந்த ஒடுங்கு அல்லீல் ஒரு பிரதி இருக்கிறது. அது பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு பாதி, பேரனுக்குப் போகும் வாய்ப்பு கால். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளான பேரனும் பேத்தியும் மணந்தால், இருவரிடமும் அது இருக்கும் வாய்ப்பு 16-இல் 1. இருவரும் அதையே குழந்தைக்குக் கொடுப்பது அதில் நான்கில் ஒன்று. ஆக, 64-இல் 1. ஒவ்வொருவரும் இப்படி ஒன்றிரண்டு முறிந்த பிரதிகளையாவது சுமப்பதால், மொத்த ஆபத்து கூடுகிறது: பொதுவாக 2 முதல் 3 சதவீதமாக உள்ள பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு நோய் இருந்தால் இந்தச் சராசரி உதவாது. அந்த நோய்க்கு உரிய சோதனையைத் திருமணத்துக்கு முன்பே செய்துகொள்ள வேண்டும்.

உயரம் 80 சதவீதம் மரபுவழி என்கிறார்களே, அப்படியென்றால்?

உங்கள் உயரத்தில் 80 சதவீதத்தை மரபணு கட்டியது, மீதியைச் சாப்பாடு கட்டியது என்று பொருள் அல்ல. ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் உள்ள உயர வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டால் வருகிறது என்பதன் அளவு அது. விரல்களை எண்ணிப் பாருங்கள். கைக்கு ஐந்து விரல் என்பதை வகுப்பது மரபணுக்களே. ஆனால் மக்களிடையே விரல் எண்ணிக்கை வேறுபடுவது பெரும்பாலும் விபத்தால். அதனால் அதன் மரபுவழி அளவு குறைவாகவே வரும். ஊட்டம் கிடைக்காத மக்களிடம் உயரத்தை அளந்தால் இந்த 80-உம் மாறும்.

எந்த இடங்கள் உயரத்தைப் பாதிக்கின்றன என்று தேடும் முறையில், ஏராளமான மனிதர்களின் டிஎன்ஏவில் லட்சக்கணக்கான இடங்களை ஒப்பிடுகிறார்கள். அவ்வளவு இடங்களைப் பார்த்தால் தற்செயலாகவே பல பொருந்திவிடும். அதனால் தற்செயல் வாய்ப்பு 2 கோடியில் 1-க்கும் குறைவாக இருந்தால்தான் ஏற்பார்கள். 2022-இல் 54 லட்சம் பேரை ஆராய்ந்து சுமார் 12,000 இடங்களைக் கண்டார்கள். ஒவ்வொன்றின் பங்கும் அற்பம். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் உயர வேறுபாட்டில் சுமார் 40 சதவீதத்தை அவை விளக்கின. மற்ற வம்சாவளிகளில் அதைவிடக் குறைவு, காரணம் ஆய்வில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். வேறொரு மக்களிடம் கணித்த 'ஆபத்து மதிப்பெண்' உங்களுக்கு அப்படியே பொருந்தாது என்பதற்கும் இதுவே காரணம்.

பிசிஆர் என்ன செய்கிறது? எப்படிச் செய்வது?

டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட துண்டை மட்டும் கோடி கோடியாக நகலெடுக்கிறது. கேரி முல்லிஸ் 1983-இல் உருவாக்கிய முறை. துண்டின் இரு எல்லைகளுக்கும் பொருந்தும் சுமார் 20 எழுத்துக் குறுந்துண்டுகளை, அதாவது பிரைமர்களை, நாம் கொடுக்கிறோம். டாக் பாலிமரேஸ் என்ற நொதி அவற்றிலிருந்து நீட்டிக்கொண்டே போகிறது. வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவின் நொதி என்பதால் 95 டிகிரி செல்சியஸிலும் கெடுவதில்லை.

50 மைக்ரோலிட்டர் வினைக்கு வழக்கமான அளவு, எல்லாம் மைக்ரோலிட்டரில்: மெக்னீசியம் கலந்த பத்து மடங்கு பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் கரைசல்) 5, ஒவ்வொன்றும் 10 மில்லிமோலார் உள்ள நியூக்ளியோடைடு கலவை 1, 10 மைக்ரோமோலார் பிரைமர் இரண்டிலும் ஒவ்வொன்று, நொதி 0.25, டிஎன்ஏ 2, மீதி 39.75 தூய நீர். 0.25 மைக்ரோலிட்டரைப் பைப்பட்டில் சரியாக எடுப்பது மிகக் கடினம். பத்துக் குழாய்க்கு வேலை இருந்தால் பதினொன்றுக்கான கலவையை ஒன்றாகச் செய்து (டிஎன்ஏ மட்டும் நீங்கலாக) பிரித்து ஊற்றுங்கள்.

வெப்பநிலைகள்: தொடக்கத்தில் 95 டிகிரியில் 2 நிமிடம். பிறகு 95-இல் 30 விநாடி இழைகள் பிரிய, 55-இல் 30 விநாடி பிரைமர் ஒட்ட, 72-இல் ஆயிரம் எழுத்துக்கு 1 நிமிடம் வீதம் நீள. இதை 30 முறை. கடைசியில் 72-இல் 5 நிமிடம். ஒட்டும் வெப்பநிலைக்குத் தோராயக் கணக்கு: பிரைமரில் ஒவ்வொரு ஏ, டி-க்கும் 2 டிகிரி, ஒவ்வொரு ஜி, சி-க்கும் 4 டிகிரி கூட்டி, அதிலிருந்து 5 கழிக்க வேண்டும். ஏ, டி பத்தும் ஜி, சி பத்தும் என்றால் கூட்டல் 60. எனவே 55-இல் தொடங்கலாம். 30 சுற்றில் ஏட்டுக்கணக்குப்படி ஒன்று 107 கோடி ஆகும். நடைமுறையில் பொருள் தீர்ந்து அதற்கு முன்பே தேங்கிவிடும். ஆகவே 'சுற்றைக் கூட்டினால் சரியாகும்' என்பது பெரும்பாலும் வீண் நம்பிக்கை.

ஜெல்லில் பட்டை வரவில்லை, அல்லது தவறான பட்டை வருகிறது. எங்கே தவறு?

பிசிஆரின் விளைவைப் பார்க்க, டிஎன்ஏ துண்டுகளை ஜெல் என்ற கூழ்த்தகட்டில் மின்சாரத்தால் ஓடவிட்டு, நீளவாரியாகப் பட்டைகளாகப் பிரிப்பார்கள். முதலில் அந்த ஜெல்லையே சந்தேகியுங்கள். 100 மில்லிலிட்டர் பஃபரில் 1.5 கிராம் அகரோஸ் உருக்கி வார்த்து, மின்முனைகளுக்கு இடையே சென்டிமீட்டருக்கு 5 வோல்ட் வீதம் ஓட்டுவது வழக்கம். பஃபருக்குப் பதில் வெறும் தண்ணீரில் உருக்கியவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஜெல்லில் எதுவும் ஒழுங்காக ஓடாது. டிஎன்ஏ எதிர்மின் தன்மை உள்ளது, நேர்முனையை நோக்கி ஓடும். மின்கம்பியை மாற்றிச் செருகினால் மாதிரி பின்பக்கமாக வெளியேறிவிடும். நீளம் தெரிந்த துண்டுகளான அளவுகோல் டிஎன்ஏ சரியாக ஓடியிருந்தால் ஜெல் குற்றவாளி அல்ல.

அடுத்து, வெற்றி உறுதியான ஒரு பழைய மாதிரி பட்டை தருகிறதா என்று பாருங்கள். அது வந்து உங்களுடையது வரவில்லை என்றால், டிஎன்ஏவில் தடைப்பொருள் இருக்கலாம்: இரத்தத்தின் ஹீம், ஹெப்பாரின், மண்ணின் ஹியூமிக் அமிலம், மெக்னீசியத்தைப் பிடித்து வைக்கும் ஈடிடிஏ. பத்து மடங்கு நீர்த்துப் போட்டால் டிஎன்ஏ குறைந்தாலும் தடையும் குறைந்து, பட்டை திடீரென்று வருவதுண்டு. 100 எழுத்துக்குக் கீழே மங்கலாகத் தெரிவது பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிய கூளம். பட்டைகள் பல வந்தால் ஒட்டும் வெப்பநிலையை இரண்டு இரண்டு டிகிரியாக உயர்த்துங்கள். டிஎன்ஏ போடாத குழாயிலும் பட்டை வந்தால் அன்றைய முடிவு முழுவதையும் தூக்கி எறிய வேண்டும், மாசு கலந்துவிட்டது. அந்த வெற்றுக் குழாயை வைக்காமல் பிசிஆர் செய்வது எடைக்கல் இல்லாமல் நிறுப்பதுதான்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது, பட்டை அழகாக வந்து பொருள் தவறாக இருப்பது. மெண்டலின் பட்டாணிக்கே திரும்புவோம். செருகப்பட்ட துண்டின் இருபுறமும் பிரைமர் வைத்து, செருகல் இல்லாத அல்லீல் 300 எழுத்துப் பட்டை தருமாறு அமைத்தால், முறிந்த அல்லீல் சுமார் 1,100 தரும். இரண்டும் உள்ள செடி இரண்டு பட்டையும் காட்ட வேண்டும். ஆனால் 72 டிகிரியில் 20 விநாடி மட்டும் கொடுத்தால் நீளத்துண்டு முழுமையடையாது. கலப்புச் செடி தூய உருண்டைச் செடிபோலத் தெரியும். நேரம் போதுமானதாக இருந்தாலும் குட்டைத்துண்டு வேகமாகப் பெருகி நெட்டையை மங்கலாக்கிவிடும். தீர்வு: நேரத்தை ஒன்றரை நிமிடமாக்கி, கலப்பு என்று முன்பே தெரிந்த ஒரு செடியை ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டுவது.

மரபணுத்தொகையை முழுவதும் வாசித்தார்கள் என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வாசித்தார்களா?

இல்லை, ஓர் உயிரின் டிஎன்ஏ முழுவதுமான அந்தத் தொகையை நொறுக்கி வாசித்து ஒட்டினார்கள். ஃபிரெடரிக் சாங்கர் 1977-இல் தந்த முறை ஒரு தடவைக்கு 700 முதல் 900 எழுத்துகள் வரை வாசிக்கும். ஒற்றை மாற்றத்தை உறுதிப்படுத்த இன்றும் அதுதான் கைகொடுக்கிறது. மனித மரபணுத்தொகைத் திட்டம் 1990-இல் தொடங்கி 2003-இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் திரும்பத் திரும்ப ஒரே வரிசை வரும் பகுதிகளில் துண்டுகளை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் சுமார் 8 சதவீதம் விடுபட்டிருந்தது. மிக நீளமாக வாசிக்கும் கருவிகள் வந்த பிறகு, 2022-இல்தான் அந்த இடைவெளி அடைபட்டது.

இன்று பரவலான கருவிகள் 150 எழுத்துத் துண்டுகளைக் கோடிக்கணக்கில் வாசிக்கின்றன. ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 30 முறை வாசிப்பது வழக்கம். ஏன் அவ்வளவு? தாய்ப் பிரதியும் தந்தைப் பிரதியும் வேறுபடும் ஓர் இடத்தை நான்கு முறை மட்டும் வாசித்தால், நான்கும் ஒரே பிரதியிலிருந்தே வந்துவிடும் வாய்ப்பு 8-இல் 1. மாற்றம் கண்ணில் படாமலே போய்விடும். அதோடு கருவியும் ஆயிரத்தில் ஓர் எழுத்தைத் தவறாக வாசிக்கலாம். 30 வாசிப்பில் ஒன்றில் மட்டும் தெரிவதைப் பிழை என்று தள்ளலாம், 14-இல் தெரிவதைத் தள்ள முடியாது.

உமிழ்நீர் அனுப்பினால் வீட்டுக்கு வரும் மரபணு அறிக்கையை நம்பலாமா?

உறவினரைக் கண்டுபிடிப்பதற்கு ஓரளவு நம்பலாம். நோய் முடிவுக்கு அப்படியே நம்பக் கூடாது. இத்தகைய சோதனைகள் பல, முழு வரிசையை வாசிப்பதில்லை. சில லட்சம் குறிப்பிட்ட இடங்களை மட்டும் பார்க்கின்றன. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ1 மரபணுவில் தீங்கான மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் அறியப்பட்டுள்ளன; சோதனை பார்த்தது அவற்றில் சிலவற்றை மட்டும் என்றால், 'கண்டறியப்படவில்லை' என்பது 'இல்லை' ஆகாது. மறுபக்கம், மிக அரிய மாற்றங்களில் இந்த முறை பொய் எச்சரிக்கை தருவதும் அதிகம். அறுவைச் சிகிச்சை போன்ற எந்த முடிவுக்கும் முன் மருத்துவ ஆய்வகத்தில் வரிசை வாசித்து உறுதிசெய்ய வேண்டும். 'பொருள் தெரியாத மாற்றம்' என்று அறிக்கை சொன்னால் அது நோய் அல்ல. அதை வைத்துச் சிகிச்சை தொடங்குவதும் இல்லை. இன்னொன்று: உங்கள் அறிக்கையில் பாதி உங்கள் உடன்பிறந்தவருடையதும்தான். அனுப்புவதற்கு முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.

கிரிஸ்பர் மரபணுவைத் 'திருத்துகிறதா'?

அது செய்வது வெட்டு. திருத்தம் உயிரணுவின் வேலை. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பல எதிர்பார்ப்புகள் வீங்குகின்றன. ஜெனிஃபர் டவுட்னாவும் எமானுவேல் ஷார்பெந்தியேவும் 2012-இல் காட்டிய வடிவில், 20 எழுத்து வழிகாட்டி ஆர்என்ஏ (டிஎன்ஏவின் உறவுப் பொருளான ஓர் இழை) காஸ்9 என்ற நொதியை இடத்துக்கு அழைத்துப் போகிறது. பொருந்திய 20 எழுத்தை ஒட்டி, ஏதோ ஓர் எழுத்தும் அதையடுத்து ஜிஜி-யும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நொதி வெட்டாது. இருந்தால் அந்த மூன்றெழுத்துக்கு மூன்று எழுத்து முன்னால் இரு இழையையும் வெட்டும்.

வெட்டியதும் உயிரணு அவசரமாக ஒட்டும். ஒட்டுமிடத்தில் ஓரிரு எழுத்து கூடும் அல்லது குறையும். மரபணுவை முடக்க இது போதும். ஒரு சொல்லை வேறு சொல்லாக மாற்ற வேண்டுமானால் மாதிரி டிஎன்ஏவும் கொடுக்க வேண்டும், உயிரணு அதைப் பார்த்து ஒட்டவும் வேண்டும். பிரியாத உயிரணுக்களில் அது அரிது. தவறான இடத்தில் வெட்டுவது, சில உயிரணுக்களில் மட்டும் மாறிக் கலவையாகிப்போவது, உடலுக்குள் கொண்டு சேர்ப்பது: இந்த மூன்றும்தான் தொல்லை, கடைசியே பெரும் தொல்லை.

இந்த வரம்புகளுக்குள் புத்திசாலித்தனமாக நுழைந்தது 2023-இல் ஒப்புதல் பெற்ற அரிவாள் உயிரணு நோய்ச் சிகிச்சை. மாறிப்போன அந்த ஓர் எழுத்தை அது தொடுவதே இல்லை. நோயாளியின் இரத்தத் தண்டுச்செல்களை வெளியே எடுத்து, பிறந்தபின் கருக்கால ஹீமோகுளோபினை நிறுத்தி வைக்கும் விசை ஒன்றை வெட்டி முடக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுகிறார்கள். கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் சுரந்து, பழுதானதன் வேலையைத் தாங்குகிறது. செல்லை வெளியே எடுத்ததால் கொண்டு சேர்க்கும் சிக்கல் தீர்ந்தது. முடக்கினாலே போதும் என்பதால் துல்லியமாக எழுதும் சிக்கலும் தீர்ந்தது. புதிய செல்களுக்கு இடம் கொடுக்க எலும்பு மஜ்ஜையைக் கடும் மருந்தால் காலி செய்ய வேண்டியிருப்பதுதான் நோயாளி கொடுக்கும் விலை.

குளோன் என்றால் அச்சு அசலாக இருக்குமா?

டிஎன்ஏ இருக்கும், தோற்றம் இருக்க வேண்டியதில்லை. 2001-இல் பிறந்த முதல் குளோன் பூனையின் மூலப்பூனை மூவண்ணம் கொண்டது. குட்டிக்கு ஆரஞ்சு நிறமே இல்லை. பெண் பூனையின் ஒவ்வொரு உயிரணுவும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை முடக்கி வைக்கிறது. எக்ஸில் உள்ள ஆரஞ்சு நிறத்துக்கான வடிவம் முடங்கிக் கிடந்த உயிரணுவிலிருந்து அந்தக் குட்டி உருவாக்கப்பட்டது.

வீட்டிலேயே டிஎன்ஏவைக் கண்ணால் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஸ்ட்ராபெரி மிக ஏற்றது. ஒவ்வொரு குரோமோசோமும் எட்டு பிரதியாக இருப்பதால் டிஎன்ஏ நிறையக் கிடைக்கும். மூன்று பழத்தைப் பையில் போட்டுப் பிசையுங்கள். 100 மில்லிலிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவமும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து ஊற்றி, நுரை வராமல் மெதுவாகக் கலக்குங்கள். சோப்பு உயிரணுவின் சவ்வைக் கரைக்கும். வடிகட்டிய சாற்றின் மேல், உறைபெட்டியில் குளிரவைத்த 90 சதவீதத்துக்கும் மேலான ஆல்கஹாலை, பாத்திரத்தைச் சாய்த்துப் பக்கவாட்டில் வழியவிடுங்கள். அது மேலே தனி அடுக்காக நிற்க வேண்டும். கொட்டினால் கலந்து கெட்டுவிடும். ஓரிரு நிமிடத்தில் எல்லைக்கோட்டில் வெண்ணிற இழைகள் திரளும், குச்சியால் சுற்றி எடுக்கலாம். 70 சதவீத ஆல்கஹாலைக் கொண்டு செய்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்பவர்களே அதிகம். சாற்றோடு சேர்ந்ததும் அதன் செறிவு இன்னும் இறங்கி, டிஎன்ஏ கரைந்தபடியே இருந்துவிடுகிறது. குச்சியில் வருவது தூய டிஎன்ஏ அல்ல, பழத்தின் பெக்டினும் புரதமும் ஒட்டிய திரள். பிசிஆருக்கு அதை அப்படியே போட்டால் பட்டை வராது.